விற்பதா, கொடுப்பதா, ஊருக்கு அனுப்புவதா?

சிங்கப்பூரில் ஒரு பொருளைத் தூக்கி எறிவதைப் போலச் சுலபமான வேலை வேறு கிடையாது. பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் சமையலறைக்குள்ளேயே குப்பைக் குழாய் இருக்கிறது. 1989க்குப் பிறகு கட்டிய புளோக்குகளில் கதவைத் திறந்து நாலு எட்டு நடந்தால் மாடிக்குப் பொதுவான குழாய். சோபா, கட்டில் என்றால் நகர மன்றத்துக்கு ஒரு போன். இவ்வளவு வசதி இருந்தும் நம் வீடுகளில் பாம் ஷெல்டர் என்ற பாதுகாப்பு அறையின் கதவைத் திறந்தால் சாமான் மேலே சரியாத குறைதான். சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. "நல்லா இருக்கிற பொருளை எப்படிங்க குப்பையில போடறது?" என்று கேட்பவர்கள்தான் நம்மில் அதிகம். நியாயமான கேள்வி. எறியவும் மனமில்லை, வைக்கவும் இடமில்லை என்றால் வேறு எந்த வாசல் வழியாக அந்தப் பொருள் வெளியே போகலாம், எந்த வாசல் எதற்குப் பொருந்தும் என்று பார்ப்போம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரும் முகமும் தெரிந்த ஒருவருக்கு, அவர் கேட்டு வாங்கும்படி கொடுப்பதுதான் முதலிடம். விற்பதற்கு மிகச் சில பொருள்களுக்கே யோக்கியதை உண்டு. வாடகைக் கிடங்கும் ஊருக்குப் பெட்டி அனுப்புவதும் பெரும்பாலும் குவியலை இடம் மாற்றும் வேலை. நடுவில் இருப்பவை திரிஃப்ட் கடைகள் (தானமாக வந்த பழைய பொருளை விற்பவை), கராங்குனிக்காரர் (பழைய சாமான் வாங்குகிறவர்), நகர மன்றம். இவை மூன்றும் பொருளைப் பொறுத்தவை.

எதைத் தேர்ந்தாலும் கையில் எவ்வளவு நாள் இருக்கிறது என்பது பாதி முடிவைச் செய்துவிடும். பிடிஓ (முன்பதிவின் பேரில் கட்டும் வீவக வீடு) சாவி வாங்கிப் புது வீட்டுக்குப் போகிறவருக்குப் பல மாத அவகாசம் உண்டு. வேலை அனுமதி ரத்தாகி ஊர் திரும்புகிறவருக்கு அதிகபட்சம் ஒரு மாதம். ஐந்தறை வீட்டை விற்றுவிட்டு ஈரறை ஃபிளெக்சி என்ற சின்ன வீவக வீட்டுக்குப் போகும் பெரியவர்களுக்கு நாள் இருந்தாலும் கணக்கு கடினம். ஏறக்குறைய 110 சதுர மீட்டரில் முப்பது நாற்பது ஆண்டு சேர்த்ததை 36 அல்லது 46 சதுர மீட்டருக்குள் அடக்க வேண்டும். பாதிக்கு மேல் வெளியே போயே தீரும். அங்கே 'பார்த்துக்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதலில் விற்பது. எல்லோருக்கும் முதலில் தோன்றுவதும் இதுதான். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்த மூன்று பேர் 2012இல் தொடங்கிய கரோசல் என்ற பழைய பொருள் விற்கும் செயலி வந்த பிறகு வீட்டுக்கு வீடு ஒரு வியாபாரி. படம் எடுத்துப் போடுவது ஐந்து நிமிடம். பிறகுதான் வேலையே ஆரம்பம். "இன்னும் இருக்கா?" என்று பத்துப் பேர் கேட்பார்கள். அதில் ஏழு பேர் பதில் போட்டதும் காணாமல் போவார்கள். ஒருவர் நாற்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பெறும் பொருளைப் பதினைந்துக்குக் கேட்பார். ஒருவர் உட்லண்ட்ஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குக் கொண்டுவரச் சொல்வார், நீங்கள் இருப்பதோ வேறு கோடியில், பிடோக்கில். கடைசியில் எம்ஆர்டி நுழைவாயில் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்று பையைக் கைமாற்றும் காட்சி இந்த ஊரின் தனி அடையாளம்.

விலை போகிறவை எவை என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். வாங்குகிறவருக்கு ஏற்கெனவே தெரிந்த மாடலாக இருக்க வேண்டும். ஐக்கியாவின் பில்லி அலமாரி, கால்லாக்ஸ் தட்டு, குறிப்பிட்ட கைப்பேசி, குழந்தைத் தள்ளுவண்டி, விளையாட்டுச் சாதனங்கள் இவையெல்லாம் அளவும் விலையும் தெரிந்தவை, கேள்வி குறைவு. நம் வீட்டுப் பொருள்களில் வெட் கிரைண்டருக்குத் தனி மவுசு. புதிதாக வந்திறங்கும் தமிழ்க் குடும்பங்கள் அதைத்தான் முதலில் தேடுகின்றன. ஆனால் அதற்குக் கரோசலைவிட உங்கள் வட்டாரத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவே வேகமான சந்தை.

விலை போகாதவையும் தெரிந்தவைதான். எல் வடிவச் சோபா, கண்ணாடி வைத்த பெரிய ஷோகேஸ், ஆறு பேர் சேர்ந்தாலும் லிஃப்டில் ஏறாத தேக்குக் கட்டில். இவற்றை வாங்கியபோது கொடுத்த விலை நம் மனதில் இருக்கிறது. வாங்குகிறவர் மனதில் இருப்பதோ லாரி வாடகை. அவர் கணக்கில் அது இலவசமாகக் கிடைத்தாலும் நூறு வெள்ளிச் செலவு. ஆகவே என் அளவுகோல் இது: இருபது வெள்ளிக்குக் கீழே போகும் எதையும் விற்க முயலாதீர்கள், இரண்டு வாரத்தில் போகாததை மூன்றாவது வாரம் இலவசம், அல்லது பெயருக்கு ஒரு விலை என்று மாற்றிவிடுங்கள். முழுக்க இலவசம் என்பதைவிட ஐந்து வெள்ளி என்று போட்டால் வருகிறேன் என்றவர் உண்மையில் வருகிறார் என்பதும் நான் கவனித்த ஒன்று. காசு கொடுக்க ஒப்புக்கொண்டவருக்கு அந்தப் பொருள் நிஜமாகவே வேண்டும் போலிருக்கிறது.

அடுத்து, தெரிந்தவருக்குக் கொடுப்பது. பணம் வராது, ஆனால் நேரச் செலவும் மிகக் குறைவு, பொருள் எங்கே போனது என்ற உறுத்தலும் கிடையாது. இதில் ஒரே ஒரு விதி: முதலில் கேட்க வேண்டும், இல்லை என்று சொல்லும் உரிமையோடு கேட்க வேண்டும். வீட்டுப் பணிப்பெண் ஊர் திரும்பும்போது பழைய துணியையெல்லாம் ஒரு பையில் கட்டி "எடுத்துக்கோ" என்று நீட்டுவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். முதலாளி கொடுப்பதை அவர் எப்படி மறுப்பார்? விமானப் பெட்டியின் எடையும் அவருடையது. மேசையில் பரப்பி வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட்டால் அவர் எதை எடுக்கிறார் என்பது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். பெரும்பாலும் நீங்கள் நினைத்தது இருக்காது.

வெளிநாட்டு ஊழியர் தம்பிகளுக்குக் கொடுக்கும்போதும் அதே கவனம் வேண்டும். நம் ஊர்ப் பையன்கள்தானே என்ற உரிமையில் பெரிய ரைஸ் குக்கரையும் மடக்குக் கட்டிலையும் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். அவர்களுக்கு இடமே கிடையாது. 2021இல் அறிவித்த புதிய தரத்தின்படி புதிதாகக் கட்டும் விடுதிகளில் அறைக்குப் பன்னிரண்டு பேர், ஆளுக்கு 4.2 சதுர மீட்டர். அதுவே முன்னேற்றம், பழைய விடுதிகள் இன்னும் நெரிசல். ஆகவே அவர்களுக்குக் கொடுக்கத் தகுந்தவை சிறியவையும் உடனே பயன்படுபவையும்தான்: நல்ல நிலையில் உள்ள கைப்பேசி, ஹெட்போன், முதுகுப்பை, சக்கரப் பெட்டி. கடைசியில் சொன்ன சக்கரப் பெட்டி ஊருக்குக் கிளம்புகிறவருக்குத் தங்கம். ஆள் தெரியாதவர்கள் இட்ஸ் ரெய்னிங் ரெயின்கோட்ஸ் போன்ற தொண்டூழிய அமைப்பிடம், அந்தச் சமயத்தில் எது தேவைப்படுகிறது என்று கேட்டுக்கொண்டு கொடுக்கலாம்.

தெரிந்தவர் யாருமே இல்லாதபோது திரிஃப்ட் கடை. அப்பர் புக்கிட் தீமா சாலையில் பிரெய்ஸ்ஹேவன் என்ற இடத்தில் சால்வேஷன் ஆர்மி நடத்துவது பெரியது. தட்டுமுட்டுச் சாமான் முதல் துணி வரை அங்கே விற்பனைக்கு இருக்கும். வாட்டர்லூ ஸ்ட்ரீட் 96ஆம் எண்ணில் இருக்கும் நியூடுயூ சிறியது. மகளிர் அமைப்புகளின் மன்றமான எஸ்சிடபிள்யூஓ நடத்துகிறது. குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அடைக்கலம் தரும் ஸ்டார் ஷெல்டரும் அவர்களுடையதே. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான மைண்ட்ஸ் அமைப்புக்கும் கடைகள் உண்டு. மூன்றில் எது என்று கேட்டால், கைப்பை, நகை மாதிரி அணிகலன், நல்ல உடை போன்ற கைக்கடக்கமானவற்றுக்கு நியூடுயூ. பெரியவற்றுக்குச் சால்வேஷன் ஆர்மி. மற்றபடி எது பக்கமோ அது.

இவை கடைகள் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. விற்று வரும் பணம்தான் அவர்களுக்கு உதவி. நாம் கொடுக்கும் பொருள் அதற்கு மூலப்பொருள். விற்க முடியாததைக் கொடுத்தால் அதைத் தரம் பிரிக்கும் உழைப்பும் அகற்றும் செலவும் அவர்கள் தலையில். பிரெய்ஸ்ஹேவன் வாசலில் கடை மூடிய பிறகு இரவோடு இரவாகக் கறை படிந்த மெத்தையையும் உடைந்த அலமாரியையும் இறக்கிவிட்டுப் போவது செய்தியில் வரும் அளவுக்குப் பெரிய தலைவலி. தானம் கொடுத்த புண்ணியம் வேறு இறக்கிவிட்டுப் போனவர்கள் கணக்கில் ஏறியிருக்கும்! எனக்கு ஒரு சோதனை உண்டு. என் சம்பந்தி வீட்டுக்கு இதைக் கொடுத்தனுப்ப முடியுமா? கூச்சமாக இருந்தால் அது திரிஃப்ட் கடைக்கும் போகக் கூடாது.

கிழிந்த துணி, தேய்ந்த செருப்பு? மறுபயன்பாட்டுப் பெட்டிகள் பல இடங்களில் வந்துவிட்டன. ஆனால் பெட்டியில் எழுதியிருப்பதும் உள்ளே போட்டதன் கதியும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பிவிட முடியாது. பழைய காலணிகளை அரைத்து விளையாட்டுத் திடல் தரைகளும் ஓடுபாதைகளும் அமைப்பதாக டௌ என்ற ரசாயன நிறுவனமும் அரசாங்க விளையாட்டு அமைப்பான ஸ்போர்ட் சிங்கப்பூரும் சேர்ந்து ஒரு திட்டம் நடத்தின. ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் பதினொரு ஜோடிகளில் இடங்காட்டும் கருவியை ஒளித்து வைத்துப் பெட்டிகளில் போட்டார்கள். பெரும்பாலானவை கப்பலேறி இந்தோனேசியாவுக்குப் போயிருந்ததை 2023 பிப்ரவரியில் எழுதினார்கள். யாரோ ஒருவர் காலில் அந்தக் காலணி இன்னும் நடக்கிறது என்றால் எனக்கு அதில் வருத்தமில்லை. சொன்னது ஒன்று நடந்தது ஒன்று என்பதில்தான் வருத்தம். ஆகவே துணிப் பெட்டியைக் கடைசி வரிசையில் வைக்கிறேன். தேவைக்கு மேல் வாங்கியதற்கான பாவமன்னிப்புச் சீட்டாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புடவை மட்டும் தனிக் கதை. பருத்தி, சிந்தெடிக் புடவைகளைத் திரிஃப்ட் கடைகள் வாங்கினாலும் அங்கே வருகிறவர்களில் கட்டத் தெரிந்தவர்கள் கொஞ்சம். பரதநாட்டியப் பள்ளிகள், சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழு, பள்ளியில் இனநல்லிணக்க நாளுக்கு உடை தேடும் தமிழாசிரியர் இவர்களிடம் முதலில் கேட்டால் போகும் இடம் உறுதி. பட்டைப் பொறுத்தவரை ஊருக்குப் போகும்போது எடுத்துப்போவது உண்மையிலேயே பயனுள்ளது. அந்தக் காலத்துக் காஞ்சிப் பட்டின் அசல் ஜரிகை, பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. நெசவு நைந்துவிட்டாலும் அந்த வெள்ளிக்காகவே எடைக்கு வாங்குகிறவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். பிற்பாடு வந்த பலவற்றில் ஜரிகை செம்பு, அல்லது வெறும் பிளாஸ்டிக் இழை. எனவே விலை பேசும் முன் ஜரிகையைச் சோதிக்கச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

பாத்திரம் இதைவிடச் சிக்கல். ஈசூனில் என் அத்தை ஐந்தறை வீட்டைக் காலி செய்தபோது கூடத் தரை முழுக்கத் தமிழ் முரசு விரித்து எவர்சில்வரை அடுக்கினோம். அண்டா, குண்டான், இட்லிக் கொப்பரை, மூடி தொலைந்த தூக்குவாளிகள், டஜன் கணக்கில் டம்ளர். ஒவ்வொன்றின் விளிம்பிலும் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. அத்தை ஒரு செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல என் பேரு கூட இல்லப்பா. எங்க மாமியா பேரு. அவங்க எனக்குக் கொடுக்கவும் இல்ல, நானாத்தான் எடுத்துக்கிட்டேன்" என்று சிரித்தார். பேத்தியைக் கூப்பிட்டு டம்ளர் வேண்டுமா என்றார். "பாட்டி, எங்க வீட்ல எல்லாரும் மக்லதான் குடிக்கிறோம். சூடு கையைச் சுடும்." பேச்சு அதோடு முடிந்தது. அண்டா, கீழ்வீட்டில் கோயில் விசேஷங்களுக்குச் சமைக்கிற அக்காவுக்குப் போனது. கேட்டவுடன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். டம்ளரில் நாலு, அந்தச் செம்பு, பொடி போட்டு வைக்க ஒரு தூக்குவாளி மட்டும் அத்தையோடு புது வீட்டுக்குப் போயின.

மீதிக்குக் கராங்குனிக்காரர் வந்தார். ஊதலை அமுக்கிக்கொண்டு மாடி மாடியாக வரும் சீனப் பெரியவர்களைப் பழைய புளோக்குகளில் இன்றும் பார்க்கலாம். தள்ளுவண்டி, கயிறு, கொக்கி மாட்டிய தராசு, இடுப்பில் காசுப் பை. செய்தித்தாளுக்குக் கிலோவுக்குச் சில காசுகள், உலோகத்துக்கு அதைவிட அதிகம், பழைய மின்சாதனத்துக்குப் பார்த்துச் சொல்வார். அத்தையின் எவர்சில்வரைத் தராசில் மாட்டித் தூக்கி, முள் நிற்கும் வரை மூச்சுவிடாமல் பார்த்துவிட்டு விரலால் விலை காட்டினார். மலாயில் அத்தை கொஞ்சம் பேரம் பேசினார், அவரும் மலாயிலேயே மறுத்தார். எனக்கு இந்த வழி பிடிக்கும். வாசலுக்கே வருகிறார், காசும் தருகிறார், பொருளும் உருகியோ விற்றோ மறுபடி புழங்குகிறது. ஒரு காலத்தில் இவர்கள் சேகரித்ததில் பாதி சுங்கை ரோடு திருட்டுச் சந்தை என்று எல்லோரும் அழைத்த இடத்தில் தரையில் விரிந்து கிடக்கும். 2017 ஜூலை 10ஆம் தேதி அது மூடப்பட்டதிலிருந்து பழைய தட்டுமுட்டுப் பொருளைப் பொருளாகவே வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், எடைக் கணக்கே மிச்சம். அதனால் பித்தளையையும் வெண்கலத்தையும் மட்டும் அவசரப்பட்டுத் தராசில் ஏற்ற வேண்டாம். குத்துவிளக்கு, உருளி, பானை இவற்றைத் தேடி வாங்குகிற இளையவர்கள் இப்போது நிறையப் பேர். கரோசலில் விற்கத் தகுந்த அபூர்வமான நம் பொருள் இதுதான்.

நகர மன்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல நகர மன்றங்கள் வீட்டுக்கு மாதம் மூன்று பெரிய சாமான் வரை இலவசமாக அகற்றித் தருகின்றன. எண்ணிக்கையும் நிபந்தனையும் ஊருக்கு ஊர் மாறும், மறுசீரமைப்பு வேலையின் இடிபாடுகளை எடுக்க மாட்டார்கள். முன்பதிவு செய்துவிட்டு அவர்கள் வரும்வரை சாமானைத் தாழ்வாரத்தில் போட்டுவைக்கும் பழக்கம்தான் ஆபத்து. தீ விபத்தில் ஓடுவதற்கு 1.2 மீட்டர் அகலமாவது வழி இருக்க வேண்டும். அங்கே போட்ட மெத்தை எரிந்தால் புகை முதலில் உங்கள் வீட்டுக்குள்தான் வரும்.

மின்சாதனத்துக்கு இதைவிட நல்ல வழி 2021 ஜூலை 1 முதல் சட்டமாகவே இருக்கிறது, நம்மில் பலர் பயன்படுத்துவதில்லை. புதுக் குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி வாங்கினால், கடைக்காரர் அதைக் கொண்டுவந்து இறக்கும்போது பழையதை ஒன்றுக்கு ஒன்று இலவசமாக எடுத்துப் போயாக வேண்டும். ஆர்டர் போடும்போதே சொல்லிவிடுங்கள். வாசலில் வந்து நிற்கும் டெலிவரித் தம்பியிடம் சொல்வது தாமதம். 300 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள மின்சாதனக் கடைகளில் சிறியவற்றைப் போடத் தொட்டி இருக்க வேண்டும். பழைய கைப்பேசி, மடிக்கணினி, பல்பு, பேட்டரி அங்கே போகலாம். பவர் பேங்க்கை மட்டும் தயவுசெய்து குப்பைக் குழாயிலோ மறுபயனீட்டுக்கான நீலத் தொட்டியிலோ போடாதீர்கள். நசுங்கினால் தீப்பிடிக்கும்.

நீலத் தொட்டி எல்லாவற்றையும் கழுவிவிடும் என்ற நம்பிக்கையும் பலருக்கு உண்டு. அதில் விழுவதில் சுமார் 40 விழுக்காடு உணவு, திரவம், மறுபயனீடு செய்ய முடியாத பொருள் இவற்றால் கெட்டுப்போனது என்று தேசிய சுற்றுப்புற வாரியமே சொல்கிறது. 2022இல் வீடுகளின் மறுபயனீட்டு விகிதம் 12 விழுக்காடுதான். துணி, பொம்மை, தலையணை அதற்குரியவை அல்ல. மறுபயனீட்டுக்குப் போகாதவை எரிகின்றன, சாம்பல் படகேறிப் புலாவ் செமக்காவுக்குப் போகிறது. 1999இல் திறந்த அந்தக் குப்பை நிலம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசாங்கக் கணிப்பு. எரிப்பு ஆலை கன அளவைப் பத்தில் ஒன்றாக்கிவிடுகிறது என்றாலும் அந்தப் பத்தில் ஒன்றுக்கு இடம் வேண்டுமே.

வாடகைக் கிடங்குக்கு வருவோம். விளம்பரத்தில் குளிரூட்டிய வெள்ளை அறை, அழகாக அடுக்கிய பெட்டிகள். மாதம் 150 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,800. இரண்டு ஆண்டில் உள்ளே இருக்கும் மொத்தச் சாமானையும் புதிதாகவே வாங்கிவிடலாம். பழைய வீட்டைக் கொடுத்துப் புது வீட்டு வேலை முடிவதற்கு இடையில் மூன்று நான்கு மாதம் தேவைப்பட்டால் எடுக்கலாம், திரும்ப எடுக்கும் தேதியை அன்றே எழுதி வையுங்கள். தேதி இல்லாமல் எடுப்பது முடிவைத் தள்ளிப்போட வாடகை கொடுப்பதாகும். அப்பா காலமான பிறகு அவர் சாமானை உடனே தொட முடியாமல் கிடங்கில் வைத்தவர்கள் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அது கணக்கில் அடங்காதது.

ஊருக்கு அனுப்புவதுதான் நம்மவர்களுக்கே உரிய வழி, அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்துகளில் கார்கோ கடைகள் வரிசையாக இருக்கின்றன. விமானத்தில் என்றால் கிலோ கணக்கு, கப்பலில் என்றால் பெட்டிக் கணக்கு, வீடு வரை கொண்டு சேர்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே நின்று பார்த்தால் புதுப் போர்வை, பால்மாவு, சாக்லெட், சோப்பு என்று பார்த்துப் பார்த்துக் கட்டும் தம்பிகளின் பெட்டிகள் தெரியும். அவை ஊரில் கேட்டு எழுதிய பட்டியல்படி போகின்றன, அதை நான் சொல்லவில்லை. நாம் வீட்டைக் காலி செய்யும்போது அனுப்பும் பெட்டி வேறு ஜாதி. தோல் உரிந்த கைப்பை, ஒரு கண் எரியாத இரட்டை அடுப்பு, நிறம் மங்கிய திரைச்சீலை. அங்கே யாருக்காவது உதவும் என்று மனசாட்சிக்கு ஒரு பதில் சொல்லி அனுப்புகிறோம். அங்கே அம்மா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிங்கப்பூர்ச் சாமான் என்பதால் எறியாமல் பரணில் ஏற்றுகிறார். எழுபது வயதில் ஏணி பிடித்து. இருபது ஆண்டில் அந்தப் பரணைக் காலி செய்யப் போவதும் நாம்தான்.

சில நடைமுறை விஷயங்கள். இந்தியாவிலும் இங்கேயும் மின்னழுத்தம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், ஆகவே சாதனம் ஓடும். பிளக் மட்டும் வேறு, இங்கே தட்டை முள், அங்கே உருண்டை முள். ஆனால் தட்டைத் திரைத் தொலைக்காட்சியைத் தூக்கிப் போகலாம் என்று நினைத்தால், 2013 ஆகஸ்ட் 26 முதல் அது பயணிகளுக்கான வரியில்லாச் சலுகையில் சேராது. ஒரு பழைய டிவிக்குக் கூலியும் சுங்கமும் சேர்த்தால் சென்னையில் புதிதே வாங்கிவிடலாம். மிக்சி, பாத்திரம் அங்கே இதைவிட மலிவு. அனுப்பத் தகுந்தவை என்று நான் நினைப்பது பட்டுப்புடவை, கேட்டு வாங்கும் குழந்தை உடுப்பு, வேலை செய்யும் மடிக்கணினி, அவ்வளவுதான். போன் போட்டு "என்ன வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் கோடாலித் தைலம்தான் கேட்பார்கள்.

புத்தகமும் காகிதமும் மிச்சம். பிராஸ் பாசா காம்ப்ளெக்சின் பழைய புத்தகக் கடைகளில் பெரும்பாலும் ஆங்கிலமும் சீனமும்தான் புழங்கும். தமிழ்ப் புத்தகத்தை அங்கே கொண்டுபோவது வீண் அலைச்சல். வாசகர் வட்டங்களில் உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் எடுத்துக்கொள்கிறார்கள், அதுவே நல்ல வழி. ஆனால் உள்ளூர் எழுத்தாளரின் பழைய சிறுபதிப்பு, கோயில் மலர், மூடிப்போன தமிழ்ப் பள்ளியின் சான்றிதழ், ஐம்பதுகளின் கல்யாணப் பத்திரிகை, தாத்தாவின் துறைமுக வேலை அட்டை இவை கிடைத்தால் கை நிற்கட்டும். கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையமும் தேசிய நூலக வாரியமும் இத்தகையவற்றில் அக்கறை கொண்டவை. எடுத்துக்கொள்வார்களா என்பது அவர்கள் முடிவு. கேட்பதற்குச் சில படங்களும் ஒரு மின்னஞ்சலும் போதும்.

சாமி படங்களுக்கு எல்லோரும் செய்வது தெரியும்: சாலையோர மரத்தடியில் பிள்ளையாரும் லட்சுமியும் வரிசையாக மழையில் நனைந்துகொண்டு. துப்புரவு ஊழியர் கடைசியில் அதைத் தொட்டுத் தூக்க வேண்டியிருக்கிறது, பெரும்பாலும் அவர் நம் பக்தியைப் பகிர்ந்துகொள்ளாத வேற்று நாட்டுக்காரர். கோயில் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் சட்டத்திலிருந்து படத்தைப் பிரித்து எடுத்து, கண்ணாடியையும் மரத்தையும் தனியாக அகற்றிவிட்டு, தாளை ஒரு சுத்தமான வெள்ளைத் துணியில் சுற்றிக் குப்பையில் சேர்க்கலாம் என்று எங்கள் குடும்பப் பெரியவர் ஒருவர் சொன்னார். மரத்தடியைவிட அது மரியாதை. நாள்காட்டிப் படங்களை அடுத்த ஆண்டு முதல் வாங்கும்போதே ஒன்றோடு நிறுத்திக்கொள்வது இன்னும் சுலபம்.

கையில் ஒரு மாதமே இருப்பவருக்கு என் வரிசை இது. முதல் வாரம் வாட்ஸ்அப் குழுவிலும் அக்கம்பக்கத்திலும் கேட்பது. அதே வாரம் விலையுள்ள நாலைந்து பொருளை மட்டும் கரோசலில் போடுவது. மூன்றாம் வாரம் திரிஃப்ட் கடைக்கு ஒரே நடை. கடைசி வாரத்துக்கான நகர மன்ற முன்பதிவை முதல் வாரமே செய்துவிடுவது. ஆறு மாதம் இருப்பவருக்கும் இதே வரிசைதான், பாம் ஷெல்டரை மட்டும் முதல் மாதமே முடித்துவிட வேண்டும். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களைத் தவிருங்கள். அப்போது நாடே வீட்டைச் சுத்தம் செய்கிறது, திரிஃப்ட் கடைகளில் பை வைக்க இடமிருக்காது, நகர மன்றத்தில் தேதி கிடைக்காது, இலவசச் சோபாவுக்கு ஆள் வர மாட்டார்கள்.